கண்காணிப்புக் கிணறும் பஞ்சாயத்தின் கடமையும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் ஆற்றிய சொற்பொழிவு)



கிணறு வெட்டுவதைப் பற்றியோ, நீர் இறைப்பதைப் பற்றியோ உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லக்கூடியது ஏதுமில்லை. அந்தக் கலையில் நீங்கள் எனக்கு ஆசிரியர்கள். ஆனால் யாரும் குடிக்காத, யாரும் வயலுக்குப் பாய்ச்சாத ஒருவகைக் கிணறு பல ஊர்களில் இருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பள்ளிக்கூட வளாகத்திலோ, பஞ்சாயத்து அலுவலகத்தின் பின்புறத்திலோ, ஏதேனும் ஒரு புறம்போக்கிலோ, தரைக்கு மேல் இரண்டு மூன்று அடி நீட்டிக்கொண்டு, மூடியும் பூட்டுமாக ஓர் இரும்புக் குழாய் நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். சர்க்கார் போட்டுவிட்டு மறந்துபோன போர் என்று அதைப் பலர் எண்ணுகிறார்கள். சிறுவர்கள் அதில் கல் போட்டு, அது தண்ணீரில் விழும் ஓசையைக் கேட்டு மகிழ்கிறார்கள். உண்மையில் அது மறக்கப்பட்ட கிணறு அன்று. நிலத்தடி நீரின் மட்டத்தையும் குணத்தையும் அறிவதற்கென்றே அமைக்கப்பட்ட கண்காணிப்புக் கிணறு அது. மத்திய நிலத்தடி நீர் வாரியமும், நம் மாநிலத்தின் நிலத்தடி நீர்த் துறையினரும் இத்தகைய கிணறுகளைப் பராமரித்து வருகின்றனர். 1995-ஆம் ஆண்டில் தொடங்கிய நீரியல் திட்டத்தின்போது இவற்றில் பல தமிழ்நாட்டில் தோண்டப்பட்டன. சில இடங்களில் பொதுக் கிணறுகளே இந்தப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

நீரின் சாட்சியம்

இக்கிணறுகள் சொல்லும் சாட்சியம் எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் கூறுகிறேன். சென்னைக்கு வடக்கே ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் மீஞ்சூர்ப் பகுதியில், 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நிலத்தடி நீர் ஆராயப்பட்டது. அங்கிருந்து நகரத்திற்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் இறைக்கப்பட்டது, உழவர்களும் இறைத்தனர். நிலத்தடியில் நன்னீர் குறையக் குறையக் கடல்நீர் உள்ளே புகுந்தது. 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை வந்திருந்த உப்புநீர், 1987-இல் சுமார் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. பூமிக்கு அடியில் நடந்த இந்தப் படையெடுப்பைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை. கிணறு கிணறாக எடுத்துச் சோதித்த நீரே அதைக் காட்டிக்கொடுத்தது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டது.

கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. குடிநீரில் விரும்பத்தக்க அளவோ 250 மில்லிகிராம்தான். ஆகவே நூறு குடம் நன்னீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே அந்த அளவு மீறிவிடும். நாக்கு அறிந்துகொள்வதற்கு முன்பே சோதனை அறிந்துகொள்ளும். நோய் முற்றிய பிறகு பார்ப்பதைவிட ஆரம்பத்தில் கண்டுபிடிப்பது மேல் என்பது மனிதருக்கு மட்டுமா பொருந்தும்?

இன்னோர் உதாரணமும் உங்கள் நினைவில் இருக்கவேண்டும். தோல் பதனிடும் கழிவுநீர் குறித்த வேலூர் வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பஞ்சாயத்து யூனியன்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய கணக்கெடுப்பு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்பதே அக்கணக்கு. "எங்கள் தண்ணீர் கெட்டுவிட்டது" என்று ஆயிரம் பேர் அழுதாலும் அது முறையீடுதான். "இத்தனை கிணறுகளில் இத்தனை கெட்டன" என்று எழுதிக் காட்டும்போது அது சான்றாகிறது. சான்று பிழையில்லாததாக இருக்கவேண்டுமானால், புட்டியில் நீர் எடுக்கும் அந்த நிமிடத்தில் பிழை நேரக்கூடாது.

நான் செய்த பிழை

இதை வலியுறுத்திச் சொல்லும் உரிமை எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் பிழையே அந்த உரிமையைத் தந்தது.

நான் இளைஞனாக இந்த வேலைக்கு வந்த காலத்தில், புளோரைடு மிகுந்த பகுதியில் ஒரு கிராமத்திற்கு அனுப்பப்பட்டேன். கண்காணிப்புக் கிணற்றின் மூடி காணாமற்போயிருந்தது. சில நாட்களுக்கு முன் நல்ல மழை பெய்திருந்தது. அன்று மாலைக்குள் இன்னும் நான்கு ஊர்களுக்குப் போகவேண்டும். எனவே இறைக்காமல், கயிற்றில் கட்டிய சிறு வாளியை இறக்கி, மேலாக நின்ற நீரை முகந்து, புட்டியில் நிரப்பி, சீட்டை ஒட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். புளோரைடு வரம்புக்குள் இருப்பதாக முடிவு வந்தது. அதை நம்பிப் பள்ளிக்கூடத்தின் அருகே கைப்பம்பு ஒன்று போட்டார்கள். மறு ஆண்டு வேறொருவர் அதே கிணற்றை நன்றாக இறைத்துவிட்டு மாதிரி எடுத்தார். புளோரைடு வரம்பைக் கடந்து வெகுதூரம் போயிருந்தது.

நான் எடுத்தது பூமியின் நீர் அன்று. மூடியற்ற குழாயில் விழுந்து தேங்கிய மழைநீர். ஆய்வகத்தில் யாதொரு தவறும் இல்லை. அவர்கள் புட்டியில் இருந்ததைச் சரியாகவே அளந்தார்கள். என் சோம்பலின் விலையை அந்தப் பிள்ளைகள் ஓராண்டு குடித்தார்கள். பற்களில் கறைபடிந்த சிறுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் புட்டி எனக்கு நினைவுக்கு வருகிறது.

தேங்கிய நீரும் ஊற்று நீரும்

ஆகவே முதல் பாடம் யாதெனில், குழாய்க்குள் நிற்கும் நீர் வேறு, பாறையிடுக்கிலும் மணற்படுகையிலும் ஓடும் நீர் வேறு என்பதாகும். மாதக்கணக்கில் குழாயில் தேங்கிய நீர் காற்றோடும் இரும்போடும் உறவாடித் தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. அந்த நீரைக் கழித்துவிட்டு, நிலத்திலிருந்து புதிதாக ஊறிவரும் நீரையே எடுக்கவேண்டும்.

எவ்வளவு கழிப்பது? கணக்கு எளியது. நீர் இறைப்பதற்கு முன்பாகவே, அளவு நாடாவை இறக்கி, நீர்மட்டம் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கிணற்றின் மொத்த ஆழத்திலிருந்து அதைக் கழித்தால் நீர் நிற்கும் உயரம் கிடைக்கும். 6 அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 18 லிட்டர் நீர் பிடிக்கும். கிணறு 40 மீட்டர் ஆழம், நீர்மட்டம் 20 மீட்டர் என்றால், 20 மீட்டர் உயரத்திற்கு 360 லிட்டர் நீர் நிற்கிறது. குறைந்தது மூன்று மடங்கு இறைக்கவேண்டும் என்பது வழக்கம். அதாவது 1,080 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் 72 குடம்.

ஒரு கோடையில் நான் இப்படி இறைத்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மையார், "குடிக்க ஒரு குடத்துக்கு நாங்கள் நாயாய் அலைகிறோம்; நீங்கள் இத்தனை குடத்தைக் கொட்டுகிறீர்களே, தம்பி!" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கழிவு கலந்திருக்குமோ என்ற ஐயம் இல்லாத இடங்களில் அந்த நீரை மரங்களுக்குப் பாய்ச்சலாம். ஆனால் இறைக்காமல் விடலாகாது. எப்படியிருப்பினும், இறைத்த நீர் கிணற்று வாய்க்கே திரும்பி வராதபடி தூரத்தில் விடவேண்டும்.

மடங்குக் கணக்கு மட்டும் போதாது. இறைக்கும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீரின் வெப்பம், பி.எச். எனப்படும் அமில காரத் தன்மை, மின்கடத்தும் திறன் ஆகிய மூன்றையும் சிறு கருவிகளால் அளக்கவேண்டும். அடுத்தடுத்து மூன்று முறை அளவுகள் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தால், ஊற்று நீர் வந்துவிட்டது என்று பொருள். சில கிணறுகள் மூன்று மடங்கு இறைப்பதற்குள் வற்றிவிடும். அங்கே பொறுத்திருந்து, மறுபடி ஊறிய நீரை எடுக்கவேண்டும். கைப்பம்பாக இருந்தால் பல நிமிடங்கள் அடித்துவிட்டுப் பிடிக்கவேண்டும். திறந்த கிணறாக இருந்தால், நாள்தோறும் இறைப்பு நடக்கும் கிணற்றைத் தேர்ந்து, மேலே மிதக்கும் பாசியையும் தூசியையும் விலக்கி, ஓரடி ஆழத்திற்குக் கீழிருந்து முகக்கவேண்டும்.

புட்டிக்குப் புட்டி வேறுபாடு

எல்லாச் சோதனைக்கும் ஒரே புட்டி போதும் என்று எண்ணுவது தவறு. உப்பு, கடினத்தன்மை, புளோரைடு முதலியவற்றிற்குச் சுத்தமான பிளாஸ்டிக் புட்டி ஏற்றது. அதை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசி, காற்றுக்குமிழி தங்காதபடி நிரப்பி மூடவேண்டும்.

இரும்பு, ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களுக்குத் தனிப் புட்டி வேண்டும். கிணற்றிலிருந்து தெளிவாக வந்த நீர் சற்று நேரத்தில் செந்நிறமாகிக் குடத்தின் அடியில் துருப்போல் படிவதை நம் தாய்மார்கள் அறிவார்கள். நீரில் கரைந்திருந்த இரும்பு காற்றுப்பட்டு வெளியே வருவதே அதற்குக் காரணம். புட்டியிலும் இதுவே நடந்தால் கரைந்திருந்த உலோகத்தின் அளவு குறைந்து காணப்படும். ஆகவே கிணற்றடியிலேயே வடிகட்டி, தூய நைட்ரிக் அமிலத்தைச் சில துளிகள் சேர்த்துவிடுவர். அமிலம் முன்னரே இடப்பட்ட புட்டியை அலசக்கூடாது.

கிருமிச் சோதனைக்கு, கிருமி நீக்கிய புட்டியைத் திறந்ததும் உடனே நிரப்பி மூடவேண்டும். அதன் உட்புறத்தையோ மூடியின் உட்புறத்தையோ விரல் தொடக்கூடாது, அதையும் அலசக்கூடாது, மேலே சிறிது இடம் விடவேண்டும். அந்தப் புட்டி பனிக்கட்டிப் பெட்டியில் ஏறி, கூடுமானால் அன்றைக்கே, எவ்வாறாயினும் 24 மணி நேரத்திற்குள், ஆய்வகம் சேரவேண்டும். நைட்ரேட் சோதனைக்கான நீரும் குளிர்ச்சியில் இருக்கவேண்டும். வெயிலில் கிடந்த புட்டிக்குள் நுண்ணுயிர்கள் வேலை செய்து அளவை மாற்றிவிடும்.

சீட்டை மூடியின்மேல் ஒட்டாமல் புட்டியின்மேல் ஒட்டுங்கள் என்று நான் எப்போதும் சொல்வதுண்டு. மூடி இடம் மாறினால் ஒரு கிராமத்தின் நீர் இன்னொரு கிராமத்தின் பெயரில் ஏறிவிடுமன்றோ? கிணற்றின் எண், ஊர், நாள், மணி, நீர்மட்டம், எடுத்தவர் பெயர், சேர்த்த அமிலம் ஆகிய யாவும் அழியாத மையில் எழுதப்படவேண்டும். பல கிணறுகளுக்குப் போகும்போது நல்ல நீருள்ள கிணற்றில் தொடங்கி, கெட்ட நீருள்ள கிணற்றில் முடிக்கவேண்டும். ஒரு கிணற்றிலிருந்து மறுகிணற்றிற்குப் போகுமுன் கயிற்றையும் வாளியையும் நன்கு கழுவவேண்டும். டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிய கையால் புட்டியைத் தொடக்கூடாது.

பஞ்சாயத்து செய்யவேண்டியவை

இவையெல்லாம் வந்துபோகும் ஊழியரின் வேலைதானே, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். உங்களால் ஆகக்கூடியவை பல உண்டு.

முதலாவது, கிணற்றின் வாயைக் காப்பது. மூடி உடைந்தால் அன்றே துறைக்கு எழுதுங்கள். அதைச் சுற்றி மாடு கட்டுவதும், எருக்குழி வெட்டுவதும், பூச்சிமருந்துத் தெளிப்பானைக் கழுவுவதும் வேண்டாம். கல் போடும் சிறுவர்களை அதட்டுவதைவிட, அந்தக் கிணறு எதற்கு என்று பள்ளியில் ஆசிரியர் சொல்லிக்கொடுப்பது நல்லது. இப்போது பல கிணறுகளில் நீர்மட்டத்தைத் தானே பதிவுசெய்யும் கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன. மட்டத்தைச் சொல்லும் அத்தகைய கருவி நீரின் குணத்தைச் சொல்லாது. அதற்கு மனிதர் ஒருவர் புட்டியோடு வந்தேயாகவேண்டும்.

இரண்டாவது, மாதிரி எடுக்கும் நாளில் அங்கத்தினர் ஒருவர் கூட நிற்பது. "எவ்வளவு இறைத்தீர்கள்? மட்டம் என்ன?" என்று மரியாதையோடு கேளுங்கள். கடமையுணர்ச்சியுள்ள ஊழியர் அதனால் மகிழ்வார். அன்று என்னை அப்படி ஒருவர் கேட்டிருந்தால் நான் வெட்கப்பட்டாவது இறைத்திருப்பேன்.

மூன்றாவது, பதிவேடு. மழைக்கு முன்னும் பின்னும் வந்த அளவுகளை ஆண்டுவாரியாக ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு முறை வந்த எண் ஒரு செய்திதான். பத்தாண்டு எண்களோ ஊரின் வரலாறு. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீருக்கு வழியே இல்லாதபோதும் 1.5-ஐத் தாண்டலாகாது. நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டலாகாது. இவ்வளவுகளைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவது, முடிவைக் கேட்டு வாங்கிக் கிராம சபையில் படிப்பது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று நம் மாநிலத்தில் கிராம சபை கூடும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. இதைவிடப் பொருத்தமான நாள் வேறு ஏது? 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைக் கையாளும் பயிற்சி அளிக்க ஏற்பாடு உண்டு. அந்தப் பெட்டி முதல் எச்சரிக்கை தருமேயன்றி இறுதித் தீர்ப்புத் தராது. அதில் ஐயம் தோன்றினால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திற்கு முறைப்படி மாதிரி எடுத்து அனுப்புங்கள்.

உழவர்களுக்கு ஒரு சொல்

உழவர்களிடம் ஓர் அச்சம் இருப்பதை நான் அறிவேன். "சோதித்துத் தண்ணீர் கெட்டது என்று எழுதிவிட்டால் நிலத்தின் விலை போய்விடும், மோட்டாருக்கும் தடை வந்துவிடும்" என்று தயங்கி, மாதிரி எடுக்க வருவோரை வரப்பிலேயே நிறுத்தியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்த அச்சத்தை நான் இகழமாட்டேன். நிலம் ஒன்றே உடைமையாக உள்ளவருக்கு அது இயல்பு. ஆனால் எழுதாமல் விட்டால் உப்பு நின்றுவிடுமா? நெல்லின் நுனி கருகும், மண் இறுகும், மாடு நீரை முகர்ந்துவிட்டு விலகும். அப்போது இழப்பீடு கேட்கவும், மாற்றுப் பயிர் தேரவும், கழிவு விட்டவரைக் கூண்டில் ஏற்றவும் நம் கையில் என்ன இருக்கும்? ஆண்டுதோறும் எழுதிய கணக்கு இருந்தால், நீர் என்று கெடத் தொடங்கியது என்பது தெரியும். என்று என்பது தெரிந்தால், எதனால் என்பதையும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பது பல்லாண்டுச் சோதனைகளால் நிறுவப்பட்டது. அதன் பயனாகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013-இல் பயன்பாட்டிற்கு வந்தது. கெட்டது என்று துணிந்து எழுதியதனால் அந்த மாவட்டங்களுக்கு நல்ல நீர் வந்தது, மறைத்திருந்தால் வந்திராது.

அன்பர்களே! கிணற்றில் நீர் இருக்கிறதா என்று மட்டுமே நம் முன்னோர் கவலைப்பட்டால் போதுமாயிருந்தது. இருக்கும் நீர் எத்தகையது என்பதையும் கவனிக்கவேண்டிய காலத்தில் நாம் வாழ்கிறோம். அடுத்த முறை ஒரு ஊழியர் புட்டிகளோடு உங்கள் ஊர் எல்லையில் வந்து இறங்கினால், அவருக்கு ஒரு குவளை மோர் கொடுங்கள். பிறகு அவரோடு கிணற்றடிக்கு நடந்து சென்று, 72 குடமும் இறைக்கும் வரை அருகிலேயே நில்லுங்கள். உங்கள் பிள்ளைகள் குடிக்கும் நீரைப் பற்றிய உண்மை அந்தப் புட்டியில் ஏறுவதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.